ஹாரன் மேல் ஒரு சத்தியம்

சித்தூருக்குள் நுழைகிற இடத்தில், வலதுபக்கம் திரும்பும்போது, செங்கல்வராயனின் வண்டி ஹாரன் ஊதவில்லை.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவன் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டான். ஹாரன் ஊதாத வண்டி நம் பக்கம் ஆயிரம் ஓடுகிறது. யார் குடியும் முழுகிப் போய்விடவில்லை. ஆனால் அன்றைக்கு அவன் நகரியிலிருந்து காலங்காத்தாலே பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பியதே, ஒரு மாதத்துக்கு முன்னால் தன் ஹாரன் ஊதியது என்று பொய்ச் சத்தியம் பண்ணினவனைச் சும்மா விடமாட்டார் என்று ஊரே பயப்படுகிற காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் பண்ணுவதற்காகத்தான். அப்படிப்பட்ட நாளில், அப்படிப்பட்டவன் பொத்தானை அழுத்த, சத்தம் வரவில்லை. எதிரே வந்த ஆட்டோக்காரன் பிரேக் போட்டு, தெலுங்கில் அவன் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனான்.

பின்னால் இருந்த வரலட்சுமி அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆரன் அடிச்சீங்களா?"

"அடிச்சேன்."

"ஊதலியே."

அவன் வண்டியை ஓரங்கட்டினான். பொத்தானை அழுத்தினான். பீ என்று ஊதியது. இன்னொரு தடவை. ஊதியது. ஐந்தாறு தடவை அழுத்தினான். கடைவாசலில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் எரிச்சலோடு திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஊதியது.

"பாத்தியா? நல்லாத்தான் ஊதுது. ஆட்டோ சத்தத்துல உனுக்குக் காது கேக்கல."

சொல்லி முடித்ததும் அவனுக்கே சுருக்கென்றது. இதே மாதிரி வார்த்தையைத்தான் அவன் தன் தெருக்காரன் நாகபூஷணத்திடம் சொல்லியிருந்தான். சத்தியம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்ததும் அந்த வார்த்தைதான்.

நகரியில் விசைத்தறி ஓடுகிற தெருக்களைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். கரண்ட் இருக்கிற வரைக்கும் அங்கே வீட்டுக்கு வீடு கடகடவென்று ஒரே இரைச்சல். வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். ஹாரன் ஊதினாலும் ஒன்று, ஊதாவிட்டாலும் ஒன்று. அழுத்தியவன் கட்டைவிரல்தான் ஊதியதாக நம்பிக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் செங்கல்வராயன் பெரிய தெருவிலிருந்து தன் சந்துக்குள் வண்டியைத் திருப்பினான். ரங்கையாவின் தறிக்கொட்டகையிலிருந்து, அங்கே தறி ஓட்டுகிற நாகபூஷணம் தோளில் நூல்மூட்டையோடு வெளியே வந்தான். வண்டி இடித்துவிட்டது. மூட்டை ஒருபக்கம், ஆள் ஒருபக்கம். நாகபூஷணத்துக்கு வலது மணிக்கட்டு முறிந்துபோனது.

"ஆரன் அடிக்கக் கூடாதாடா?" என்று நாகபூஷணம் மண்ணில் கிடந்தபடி கத்தினான். ஐந்தாறு வயது மூத்தவன், ஒரே தெரு, வீட்டு விசேஷங்களுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறவன். தூக்கிவிட்டு மன்னிச்சுக்கோண்ணா என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். செங்கல்வராயனுக்கோ பயத்தில் கோபம் வந்துவிட்டது. நாக்கில் சனி உட்கார்ந்துகொண்டது.

"அடிச்சேண்ணா! உன் காது செவிடாப் போச்சுன்னா நான் இன்னா பண்றது?"

தெருவே கூடியிருந்தது. வார்த்தை பிடித்துக்கொண்டது. மறுநாளே டீக்கடையில் காது கேட்கிறதா என்று நாகபூஷணத்துக்கு முன்னால் கையைத் தட்டிப் பார்த்தார்கள். செங்கல்வராயனும் சேர்ந்து சிரித்தான். மற்ற தொழிலில் ஒருவனைச் செவிடன் என்றால் கேலியோடு போகும். தறியில் அது சோற்றில் மண் விழுகிற விஷயம். எத்தனை இரைச்சலிலும் தன் தறியின் சத்தம் தறிக்காரனுக்குத் தனியாகக் கேட்கும். ஒரு போல்ட் தளர்ந்தாலும் சத்தம்தான் முதலில் மாறும். ஒருத்தனே ஆறு தறியைப் பார்த்துக்கொள்வது காதை வைத்துத்தான். "கட்டு பிரிச்சதும் வா, பாக்கலாம்" என்று முதலாளி ரங்கையா இழுத்துப் பேச ஆரம்பித்தார். அந்த 'பாக்கலாம்' என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்.

போன வாரம் நாகபூஷணம் மாவுக்கட்டு போட்ட கையோடு செங்கல்வராயன் வாசலில் வந்து நின்றான்.

"ஆரன் அடிச்சேன்னு காணிப்பாக்கத்துல முழுகிட்டு வந்து சத்தியம் பண்ணு. பண்ணிட்டியின்னா நான் செவிடன்தான்னு ரங்கையாகிட்ட நானே சொல்லிட்டு ஒதுங்கிக்கறேன்."

"எந்தக் கெழமைண்ணா?" என்று கேட்டான் செங்கல்வராயன், சந்தைக்குப் போகக் கூப்பிட்டது போல. அவனுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

இப்போது சித்தூர் ரோட்டோரத்தில் நிற்கும்போதுதான் மடி கனக்க ஆரம்பித்தது.

"மொதல்ல மெக்கானிக்குக்கிட்ட காட்டுங்க" என்றாள் வரலட்சுமி.

"மணி ஒம்போதர. பத்து மணிக்கு அங்க இருக்கணும்."

"காட்டிட்டுப் போவலாம். புள்ளையாரு எங்கயும் ஓடிப் போவ மாட்டாரு."

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகை போட்ட ஒரு மெக்கானிக் கடை திறந்திருந்தது. கடைக்காரன் பெயர் ஹரிபாபு. தெலுங்குக்காரன், தமிழும் பேசுவான், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹாரனை அழுத்தினான். கொட்டகைத் தகரமே அதிர்ந்தது.

"பாகுந்தி கதன்னா. நல்லாத்தான ஊதுது."

"நடுவுல நின்னுபோவுதுப்பா."

"இப்ப நிக்கலியே."

"அதான் எங்க ரோதனையே."

ஹரிபாபு பொறுமைசாலி. பேட்டரியில் இரண்டு வயரை வைத்து ஹாரனுக்கு நேராகக் கொடுத்தான், அலறியது. ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், நன்றாக இருந்தது. ஹாரனின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்தான். பின்னால் இருக்கிற ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகினான். சத்தம் இன்னும் கூர்மையாக வந்தது. சுவிட்சைப் பிரித்து, பெட்ரோலில் பிரஷ்ஷை முக்கிச் சுத்தம் செய்து, மறுபடி மாட்டினான். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு தடவை ஊதும், பின்னால் ஒரு தடவை ஊதும். ராத்திரி பூராவும் பல்வலியில் துடித்துவிட்டு டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் வலி நின்றுபோகுமே, அந்த மாதிரி.

செங்கல்வராயனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊதாமல் இருந்தாலும் ஒரு கணக்குக்கு வரும். ஊதிக்கொண்டே இருந்தாலும் நிம்மதி. இது இரண்டும் இல்லாமல் ஆளைக் கேலி பண்ணுகிறது. கையில் இருந்த டீயை அவன் குடிக்கவில்லை. செல்போன் அடித்தது. ரங்கையா.

"எங்கப்பா கீற? நாங்க கோயில் கொளத்தாண்ட வந்துட்டோம். நாகபூஷணம் காலைலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்துகினு கீறான்."

"சித்தூர்லதான் கீறேன். தோ வந்துட்டேன்."

போனை வைத்துவிட்டுச் சாவியைக் கேட்டான். "போதும்பா. ஊதுது இல்ல, அது போதும். ஏறு வரலட்சுமி."

அவள் ஏறவில்லை. கோபம் வந்தால் அவளிடம் மரியாதையெல்லாம் காணாமல் போய்விடும். அது இப்போது போய்விட்டது.

"இன்னிக்கி ஊதறதுக்கா நீ சத்தியம் பண்ணப் போற? அன்னிக்கி ஊதினதுக்குப் பண்ணப் போற. நடுவுல ஏன் நின்னுச்சின்னு தெரியாம எப்பிடிப் பண்ணுவ? பொய்ச் சத்தியம் உன்னோட நிக்காது. ஹரிதா மேல உழுந்தா நீ தாங்குவியா?"

"அந்தப் பொண்ணை ஏன்டீ இதுல இழுக்கற?" என்று கத்தினான். அவனுடைய ஒரே மகள், திருப்பதியில் நர்சிங் படிக்கிறாள். கையில் இருந்த டீக் கிளாசைத் தரையில் ஓங்கி வைத்தான். டீ அவன் வேட்டியிலேயே தெறித்தது. வண்டியின் டயரை ஓர் உதை விட்டான். காலில் செருப்புதான் இருந்தது, கட்டைவிரல் நொந்தது. அதற்கும் வரலட்சுமியைத்தான் முறைத்தான்.

ஹரிபாபு கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். "அன்னா, எப்ப ஊதலேது? நேராப் போவும்போதா?"

"திரும்பறப்போ."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

ஹரிபாபு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி மேலே உட்கார்ந்தான். ஹேண்டில்பாரை வலதுபக்கம் முழுசாக ஒடித்தான். பொத்தானை அழுத்தினான்.

சத்தம் இல்லை.

நேராக்கினான், ஊதியது. ஒடித்தான், இல்லை. நேர், ஊதியது. வலது, இல்லை. பத்துத் தடவை செய்தான், பத்துக்குப் பத்து. இடதுபக்கம் ஒடித்தால் ஒரு கோளாறும் இல்லை. சைடு ஸ்டாண்டில் எப்போதும் இடதுபக்கம் சாய்ந்தே நிற்கிற வண்டி, ஹேண்டிலும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும். வீட்டு வாசலில் எத்தனை தடவை அழுத்திப் பார்த்திருந்தாலும் ஊதத்தான் ஊதியிருக்கும்.

பெரிய தெருவிலிருந்து தன் சந்துக்குள் நுழைய எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று செங்கல்வராயனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருடமாக வலதுபக்கம்தான் திரும்பிக்கொண்டிருக்கிறான்.

ஹரிபாபு வயரைத் தடவிக்கொண்டே போய், டேங்குக்கு அடியில் விரலை நிறுத்தினான். எதையோ வெளியே இழுத்தான். கட்டைவிரல் பருமனுக்கு நூல் சுற்றிய ஒரு உருண்டை.

"இதேந்தி? என்ன இது, நூலா?" நூலைப் பிரித்தான். "வயருக்கு முடிச்சு போட்டது எவரன்னா?"

வரலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் கொட்டகைத் தகரத்தைப் பார்த்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் எலி கடித்த வயர் அது. செங்கல்வராயனும் தறிக்காரன்தான். பகலெல்லாம் தறிக்கொட்டகையில் நிற்கிற வண்டி, எல்லாவற்றின் மேலும் தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி வாசனை. எலி சும்மா விடுமா. "மெக்கானிக்குக்கிட்ட குடுங்க" என்றுதான் அன்றைக்கும் வரலட்சுமி சொன்னாள். "ஒரு நாளைக்கி நூறு இழ அறுந்துபோவுது, நூறையும் நான்தான் முடியறேன். ஒரு வயரை முடியத் தெரியாதா எனக்கு?" என்றான். இழை முடிகிற அதே முடிச்சைப் போட்டான். முனைகளை வெளியே விட்டு, ஒன்றோடொன்று லேசாக முறுக்கி, மேலே பாவு நூலைச் சுற்றி இறுக்கினான். தறிக்காரன் முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். அதுதான் அதன் பெருமை. நூலுக்கு அது போதும். வயருக்கு இறுகி என்ன, செம்பும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டாமா? ஹேண்டிலை வலதுபக்கம் ஒடிக்கும்போதெல்லாம் வயர் இழுபட்டு, முடிச்சு இறுகி, வெளியே இருந்த செம்பு முனைகள் ஒன்றை விட்டு ஒன்று விலகிக்கொண்டன.

"முடிச்சு சாலா பாகுந்தி அன்னா, ரொம்ப நல்ல முடிச்சு. அவுக்கவே வரல" என்றான் ஹரிபாபு, கேலியே இல்லாமல். கடைசியில் கட்டிங் பிளேயரால் வெட்டித்தான் எடுத்தான். புது வயர் ஒரு சாண் வைத்து, முறுக்கி, டேப் சுற்றினான். இரண்டு நிமிட வேலை. இப்போது எந்தப் பக்கம் ஒடித்தாலும் ஹாரன் ஊதியது. இப்போது ஊதி என்ன.

காணிப்பாக்கம் போகிற வழியெல்லாம் அவன் எலியைத் திட்டினான், வயரைத் திட்டினான், இந்த வேலையை ஒரு மாதம் முன்னாலேயே செய்யாத ஹரிபாபுவைக்கூடத் திட்டினான். தன்னைத் திட்டிக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

"ரங்கையாவுக்குப் போன் பண்றேன். ஒறவுல சாவுன்னு சொல்லிடறேன். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"யாரைச் சாவடிக்கப் போறீங்க?"

கொஞ்ச தூரம் போனான். "நான் ஆரனை அடிச்சேன். அது நெசம்தான? அடிச்சேன்னு மட்டும் சத்தியம் பண்றேன். ஊதுச்சின்னு சொல்லல."

"புள்ளையாருக்கு வயரிங் தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா?"

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. டீக்கடையில் சிரித்தது, சந்தில் நாகபூஷணம் போகும்போது "கேக்குதாண்ணா" என்று தான் ஒரு தடவை சத்தமாகக் கேட்டது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

குளத்துப் படியில் ரங்கையா வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு படி கீழே நாகபூஷணம். தானும் முழுகுவதற்காக மாவுக்கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தான். செங்கல்வராயனைப் பார்த்ததும் எழுந்தான். ஒரு வாரத்துக்கு முன்னால் வாசலில் வந்து நின்ற ஆளாக இல்லை, கன்னம் ஒடுங்கியிருந்தது.

"வாணாம்பா. நீ முழுக வாணாம்" என்றான்.

"இன்னாண்ணா?"

"திருப்பதியில காது டெஸ்டு எடுத்தாங்க. கொஞ்சம் மந்தம்னாரு டாக்டரு. வயசுக்கு எல்லாருக்கும் இருக்கறதுதான்னாரு. கொஞ்சம்னா எவ்ளோன்னு நான் கேக்கல. வூட்டுல கூப்புட்டாக்கூட நெசமா கூப்புட்டாங்களா இல்லியான்னு சந்தேகமா கீது. நீ அடிச்சிருப்ப. எனக்குதான் கேக்கல. சாமி முன்னாடி உன்னை எதுக்கு நிக்க வெக்கணும்? நான் ஒத்துக்கறேன்."

"நல்லதாப் போச்சு" என்றார் ரங்கையா. "அப்ப சாமியப் பாத்துட்டு, எதுனா துன்னுட்டுக் கெளம்பலாம்."

உள்ளதைச் சொன்னால், செங்கல்வராயனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். காலையிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் ஒரே மூச்சில் இறங்கியது. சத்தியம் இல்லை, பொய் இல்லை, பழி இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வரலட்சுமி பக்கத்தில்தான் நின்றாள். அவன் பண்ண வேண்டியதை அவள் பண்ணப் போவதில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

ரங்கையா நாகபூஷணத்திடம் ஏதோ சொன்னார். நாகபூஷணம் தலையைச் சாய்த்து, ஒரு காதை அவர் பக்கம் கொடுத்து, "இன்னா சொன்னீங்க?" என்று கேட்டான். செங்கல்வராயன் அந்த மனுஷனை முப்பது வருடமாகப் பார்க்கிறான். அப்படித் தலையைச் சாய்த்து அவன் பார்த்ததே இல்லை. அது இந்த ஒரு மாதத்தில் வந்தது. தான் கொடுத்தது.

"ஆரன் ஊதலண்ணா."

நாகபூஷணம் திரும்பினான்.

"அன்னிக்கி ஆரன் ஊதல. நான் அடிச்சேன், ஊதல. வலதுபக்கம் ஒடிச்சா வயரு உட்டுப் போவுது. நான் போட்ட முடிச்சு. இப்பதான் சித்தூர்ல பாத்தோம். உன் காதுல தப்பு இல்ல."

நாகபூஷணம் சிரித்தான். அந்தச் சிரிப்பைச் செங்கல்வராயனால் தாங்க முடியவில்லை. "பரவால்லப்பா. எனக்காகச் சொல்ற."

"எரக்கப்பட்டுச் சொல்லலண்ணா, நெசம்."

"வண்டிய எடுத்துக்கினுதான வந்த? இப்ப ஊதுதா?"

"ஊதுது."

"அப்புறம் இன்னா?"

செங்கல்வராயனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு மாதம் கோளாறை வைத்துக்கொண்டு ஊதியது என்றான், ஊரே நம்பியது. இன்றைக்குக் கோளாறைச் சரி பண்ணிக்கொண்டு வந்து ஊதவில்லை என்கிறான், ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

"அவனே ஒத்துக்கினான். நீ எதுக்குப்பா கெளர்ற?" என்று ரங்கையா சலித்துக்கொண்டார். "மத்தியானம் தறி ஓடணும், வா."

செங்கல்வராயன் சட்டையைக் கழற்றி வரலட்சுமியிடம் கொடுத்தான். செல்போனையும் சாவியையும் கொடுத்தான். "இன்னாடா பண்ற?" என்று நாகபூஷணம் கேட்கக் கேட்கப் படியிறங்கினான். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. மூன்று முழுக்குப் போட்டான்.

ஈர வேட்டி காலில் ஒட்ட, சொட்டச் சொட்ட, வரிசையில் போய் நின்றான். முன்னால் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஈரத்தோடு ஒருத்தன் வந்தால் அது எதற்கு என்று அந்தக் கோவிலில் எல்லோருக்கும் தெரியும். நாகபூஷணமும் ரங்கையாவும் பின்னாலேயே வந்தார்கள். பிள்ளையாருக்கு நேராகப் போய் நின்றான். கையைக் கூப்பினான்.

"அன்னிக்கிக் காலைல நாகபூஷணத்து மேல மோதறப்போ என் வண்டி ஆரன் ஊதல. அவுருக்குக் கேக்காமப் போனது அவுரு காதால இல்ல. அவுர நான் செவிடன்னு சொன்னது பொய். இது சத்தியம்."

சொன்னது பாதி முணுமுணுப்பாகத்தான் வந்தது. திரும்பிப் பார்த்தான். நாகபூஷணத்தின் கண் இரண்டும் நிறைந்திருந்தது. அவன் தலையைச் சாய்க்கவில்லை. நேராக நின்றுகொண்டிருந்தான்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றான். பிறகு ரங்கையாவைக் காட்டி, அதட்டலாகச் சொன்னான்: "இன்னொரு வாட்டி சொல்லு. இவுருக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

செங்கல்வராயன் மறுபடியும் சொன்னான். இந்தத் தடவை வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.